விளக்கெண்ணெயும் வடிதுணியும்

ஒரு சொட்டு எண்ணெயைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கி, இரண்டு விரல்களையும் பையப் பைய விலக்குகிறார் சேக் முகம்மது. நடுவில் எண்ணெய் இழையாக நீள்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்த இழையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்க்கிறார். அரை விரற்கடை நீளுமுன்பே அது அறுந்துவிடுகிறது. விரலை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, "நூல் நிக்கல தாயி. அடுத்த பானையத் தொற" என்கிறார்.

எண்ணெய் கொண்டுவந்திருக்கும் மாரிக்கண்ணு செய்துங்கநல்லூர்ப் பக்கத்துக்காரி. ஆமணக்கு முத்தை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்து விற்பவள். அவளுக்குப் பொறுக்கவில்லை. "பச்சப்பிள்ளைக்குப் பேதிக்குக் குடுக்க வாங்குதவ கூட இம்புட்டுப் பாக்க மாட்டா. இரும்பு வண்டி குடிக்கதுக்கு இம்புட்டுச் சோதனையா?" என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"பச்சப்பிள்ள வயிறு வலிச்சா அழுது காட்டிரும். இது அழாது தாயி. பொசுக்குன்னு உசுர விட்டுரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பானைக்குள் விரலை விட்டார் அவர்.

இரண்டாவது பானை எண்ணெயின் நூல் நின்றது. அதோடு விட்டாரா? இல்லை. ஒரு திரியை அதில் நனைத்து ஏற்றி, சுடரின் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். தீயில் பொரியும் சத்தம் கேட்டால் எண்ணெயில் தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தமாம். மீசை கருகிவிடப் போகிறதே என்று எனக்குத்தான் பதைப்பு. திரி சத்தம் காட்டாமல் எரிந்தது. "இது எண்ணெ" என்று மாரிக்கண்ணைப் பார்த்துச் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள். சென்ற வெள்ளிக்கிழமை காலை மேலப்பாளையத்தில், அவர் வீட்டு வாசல் புளியமரத்தடியில் நான் கண்ட காட்சி இது. மரத்தடியில் எங்களோடு நான்காவது ஆளாக ஒரு மோட்டார் பஸ்ஸும் நின்றுகொண்டிருந்தது.

நான் ஒன்றும் மோட்டார்ப் பிரியன் அல்லன். பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வாரத்தில் இரண்டு நாள் வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் கோர்ட்டுக்குப் போகவேண்டிய தலையெழுத்து. தில்லைநாயகம் பிள்ளை தம்முடைய ஆற்றுப்பாசன வயலில் பாதியை விற்று இந்த மோட்டாரை வாங்கிவந்தபோது, 'மனிதனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது' என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவர்களில் நானும் ஒருவன். ஒரு நாள் மாட்டுவண்டி கிடைக்காமல் வேறு வழியின்றி ஏறினேன். விடியலில் கிளம்பி, கோர்ட்டு கூடுமுன் போய்ச் சேர்ந்து, பொழுதிருக்கவே வீட்டுக்கு வந்து கை கழுவிச் சாப்பிட்டேன். அன்றோடு என் வாய் அடைத்துக்கொண்டது. இப்போது மோட்டார் ஓடாத நாளில் தில்லைநாயகம் பிள்ளையை வைகிறேன்.

அந்த மோட்டாரை ஓட்டுகிறவர்தான் நம்முடைய சேக் முகம்மது. பாளையங்கோட்டையில் தொடங்கி, செய்துங்கநல்லூர் வழியாக ஸ்ரீவைகுண்டம், அங்கிருந்து ஏரல். போக ஒரு நடை, வர ஒரு நடை. வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். ஒல்லியான உடம்பு, கூர்மையான மீசை. நெசவுக் குடும்பம். பதினைந்து வயதிலேயே தறிக்குழிக்குள் காலை விட்டவர். இன்றைக்கும் ஓட்டும்போது பாருங்கள், வண்டியை நிறுத்தும் மிதிகட்டையையும் மற்றதையும் அவர் மாற்றி மாற்றி மிதிப்பதில் தறி மிதிக்கும் ஒழுங்கு தெரியும். கேட்டால், "எல்லாம் கால் வேலதான் அண்ணாச்சி. அங்க துணி வரும், இங்க ஊரு வருது" என்பார்.

கொழும்பில்தான் மோட்டார் படித்தார். ஒரு தோட்டத்துத் துரையிடம் ஆறு வருஷம். மகள் பாத்து பால்குடியாக இருந்தபோது தூத்துக்குடியில் கப்பல் ஏறியவர், அவளுக்குப் பல் விழுந்து முளைக்கிற வயதில் திரும்பினார். வாசலில் மூட்டையோடு நின்றவரை அந்தக் குழந்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி, "உம்மா, யாரோ வந்திருக்காவ" என்றாளாம். இதை என்னிடம் சொன்ன அன்று வண்டியை ஓட்டிக்கொண்டே செய்துங்கநல்லூர் வரை மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார்.

அவர் திரும்பியதும் தில்லைநாயகம் பிள்ளைக்கு மோட்டார் ஓட்ட ஆள் தேவைப்பட்டதும் ஒரே மாதத்தில் நடந்தன. "அல்லா போட்ட முடிச்சு" என்பார். மூன்று வருஷம் ஓடிவிட்டது. ஆனாலும் கொழும்பிலிருந்து சாமான்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்த எட்டு முழ வேட்டி மட்டும், கதவைத் திறந்தால் எதிர்ச் சுவரில் ஓர் ஆணியில் மடித்துத் தொங்கும். துறைமுகத்தில் அதன் மேல் கறுப்பு மையால் 417 என்று எழுதினார்களாம். எத்தனை வெளுப்புக்குப் போட்டும் அந்த மை போகவில்லை. துணி மட்டும் வெளுத்து வெளுத்து வெண்ணெய் போலாகிவிட்டது.

"அத எடுத்து உள்ள வைங்கன்னு மூணு வருசமாச் சொல்லுதேன் அண்ணே. காலையில கண்ணு முழிச்சா அதான் முன்னுக்கு நிக்கி" என்று கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு நாள் குரல் கொடுத்தாள் அவர் மனைவி ஜுபைதா பீவி. நான் குரலைத்தான் கேட்டிருக்கிறேன், ஆளைப் பார்த்ததில்லை.

"கிடக்கட்டும் புள்ள. எப்ப எடுத்துக் கட்டணுமோ, யாருக்குத் தெரியும்?" என்றார் இவர்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. சீமையில் சண்டை மூண்டதிலிருந்து கப்பல் வரத்துக் குறைந்துகொண்டே வந்தது. பெட்ரோலுக்கு எப்படியோ வழி பிறந்தது. என்ஜினுக்குள் ஊற்றுகிற சீமை எண்ணெய்தான் மார்கழியோடு அடியோடு நின்றுவிட்டது. பட்ட காலிலே படும் என்பார்களே, அதே சமயத்தில் எண்ணெயை வடித்து விடுகிற பித்தளைச் சல்லடையும் பொத்துப்போயிற்று. அதற்கு மாற்றுச் சல்லடையும் கப்பலில்தான் வரவேண்டும். மதுரையில் இருக்கும் ஏஜெண்டுக்கு எழுதிக் கேட்டால், 'வேறு எண்ணெய் ஊற்றினால் என்ஜின் நாசமாகும், நாங்கள் ஜவாப்தாரி அல்ல' என்று ஒரு கடிதம் வந்தது. தில்லைநாயகம் பிள்ளை அதை இரண்டு தரம் படித்தார். மோட்டாரைச் செங்கல் மேல் ஏற்றிச் சாக்குப் போட்டு மூடிவிடுவது, சண்டை முடிந்த பிறகு பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தார்.

மோட்டார் நின்றால் சேக் முகம்மது எங்கே போவார்? நம் ஜில்லாவில் இன்னொரு மோட்டார் பஸ் கிடையாது. வீட்டில் தறி ஒன்று. அதில் உட்காரத் தம்பிகள் இரண்டு பேர். நூல் கிடைக்காமல் அவர்களே பாதி நாள் சும்மா இருக்கிறார்கள். கொழும்புத் துரை இன்னும் கடிதம் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். ஆக, எண்ணெய் இல்லையென்றால் ஆணியில் இருக்கும் வேட்டியை எடுத்து மூட்டை கட்டவேண்டியதுதான்.

"ஒரு மாசம் தவணை குடுங்க அண்ணாச்சி. நம்ம சீமையில எண்ணெயே இல்லயா என்ன? நான் தேடிப் பாக்குதேன்" என்று பிள்ளையிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் பண்ணின கூத்தை ஜுபைதா பீவி சொல்லிக் கேட்கவேண்டும். வீட்டுத் தோசைக்கல்லை அடுப்பில் சூடேற்றி, இடுக்கியால் சாய்த்துப் பிடித்து, மேல் விளிம்பில் வரிசையாக ஐந்து சொட்டு எண்ணெய் விடுவாராம். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், இலுப்பெண்ணெய், புன்னைக்காய் எண்ணெய், விளக்கெண்ணெய். எது சூட்டில் நீர்த்துத் தடதடவென்று ஓடுகிறது, எது ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று குந்தி உட்கார்ந்து பார்ப்பாராம். "மனுசருக்குத் தோச கிடையாது. நாலு நாளு கல்லக் கழுவியும் புன்னக்கா நாத்தம் போவல. பாத்து தோசயத் தொடவே மாட்டேன்னுட்டா" என்றாள் அவள். ஐந்தில் விளக்கெண்ணெய்தான் மாமியார் வீட்டுக்குக் கிளம்பிய பெண் மாதிரி நகர மனசில்லாமல் நின்றதாம்.

"இதுல அதிசயம் என்ன இருக்கு அண்ணாச்சி? பார வண்டி அச்சுக்கு வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் கொழச்சுத்தான மசகு போடுதாவ? நம்ம பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து வண்டி ஓடிக்கிட்டுத்தான இருக்கு? கண்ணு முன்னால இருக்கு, நமக்குத்தான் தெரியல" என்றார் என்னிடம்.

அவர் விளக்கெண்ணெய்க்கு வக்காலத்து வாங்குகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அதன் குற்றங்களையும் அவரே சொல்லுவார். நாள்பட்டால் பசையாகும். ஆகவே வாரத்துக்கு ஒரு முறை, என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூடாக இருக்கும்போதே அடியிலுள்ள திருகாணியைக் கழற்றிப் பழையதை முழுக்க இறக்கிவிடவேண்டும். சீமை எண்ணெயோடு சேரவே சேராது. ஆகவே முதல் தரம் ஊற்றுமுன் மண்ணெண்ணெய் விட்டு உள்ளே அலசி, பழையது ஒரு சொட்டும் இல்லாமல் வடியவிடவேண்டும். இத்தனையையும் அவர் ஒண்டி ஆளாகவே செய்தார். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு அவர் பேசுவதை நான் வெளியில் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு பாதங்களைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

எண்ணெய் தேர்ந்தாயிற்று. வடிகட்டத்தான் சல்லடை இல்லையே? இங்கேதான் மனிதர் சறுக்கினார். அந்தச் சறுக்கல் வேறு யாருக்கும் வந்திருக்காது. நெசவாளிக்குத்தான் வரும்.

பிஸ்மி சொல்லி முதன்முதலாக ஊற்றும் எண்ணெய். அதைக் கந்தலில் வடிக்கலாமா? தம் கையாலேயே தறியில் உட்கார்ந்து, நெருக்கமாக ஒரு முழத் துணி நெய்தார். "ஈ எறும்புக் காலு கூட நுழையாது அண்ணாச்சி" என்று என்னிடம் காட்டிப் பெருமைப்பட்டார். தறியிலிருந்து அறுத்தெடுத்த கோடித் துணியை அப்படியே புனலில் போட்டு எண்ணெயை ஊற்றினார். அது லேசில் இறங்கவில்லை. அவசரத்தில் துணியை முறுக்கிப் பிழிந்தார்.

ஓட்டுகிறவருக்கு முன்னால் பலகையில் ஒரு விரல் நீளக் கண்ணாடிக் குழல் இருக்கிறது. மேலே சிறு தொட்டி; அதிலிருந்து ஒரு செம்புக் குழாய். என்ஜினுக்குப் போகும் எண்ணெய் அந்தக் கண்ணாடிக்குள் சொட்டுச் சொட்டாக விழுந்து போவது வெளியே தெரியும். சொட்டு நின்றால் உள்ளே இரும்போடு இரும்பு உரசி இறுகிக்கொள்ளும். செத்துப்போகும் என்பதைச் சேக் முகம்மது பாஷையில் சொன்னால், "என்ஜின் மௌத்தாயிரும்." அந்த முதல் ஓட்டத்தில் செய்துங்கநல்லூர் தாண்டியதுமே சொட்டு நின்றுவிட்டது. அவர் அந்த நொடியே வண்டியை நிறுத்தியதால் என்ஜின் பிழைத்தது. நாங்கள் பன்னிரண்டு பேர் மூட்டை முடிச்சுகளோடு வெயிலில் இறங்கினோம். நான் அன்றைக்கு ஆஜர்படுத்தவேண்டிய வழக்குக் கட்டை ஒரு பார வண்டியில் வைக்கோல் மேல் உட்கார்ந்து கொண்டுபோனேன். அப்போது அவரை என்னென்ன வைதேன் என்பது இந்தப் பத்திரிகையில் அச்சேறத் தகாது.

அன்று மாலை நான் திரும்பி வரும்போதும் அவர் அங்கேயே சாலையோரம் உட்கார்ந்திருந்தார். செம்புக் குழாயைக் கழற்றி வாயால் ஊதி, உள்ளேயிருந்து வந்த வெள்ளைப் பிசுக்கை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரும் எதிர்பாராத காரியம் ஒன்று செய்தார். அதை நாக்கில் வைத்து ருசி பார்த்தார்.

"சீ! என்ன வே இது?" என்றேன்.

அவர் முகம் செத்துப்போயிருந்தது. "கஞ்சி அண்ணாச்சி. பாவு நூலுக்குப் போட்ட சோத்துக் கஞ்சி. தண்ணியிலதான இளகும், எண்ணெ என்ன செய்யும்னு நெனச்சேன். முறுக்கிப் பிழிஞ்சதுல கஞ்சி உதுந்து பஞ்சோட போயிருக்கு. கோடித் துணிக்குப் பெருமப்பட்டேன் பாருங்க, நெசவாளிக்குப் பெறந்த முட்டாப்பய நான்" என்று தலையில் அடித்துக்கொண்டார். வைத வாயால் நானே அவரைத் தேற்றும்படி ஆயிற்று.

தில்லைநாயகம் பிள்ளை தேறவில்லை. விஷயம் கேள்விப்பட்டு வந்து வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "ஏலே சேகு, திங்கக்கிழம நான் கூட வாரேன். ஏரலுக்குப் போயிட்டு ஏரல்ல இருந்து வரணும். நடுவுல நின்னுச்சோ, அங்கனயே மாட்டக் கட்டி இழுத்துட்டு வந்து செங்கல்லுல ஏத்திருவேன். அதுக்கு மேல எங்கிட்டப் பேசப்பிடாது, கேட்டியா?" என்றார்.

அந்த வாரமே சேக் முகம்மது பழைய எண்ணெயை இறக்கினார். குழாய்களை அலசினார். இரண்டாம் தரம் வடிக்க, தாமே வருஷக்கணக்காகத் தோளில் போட்டு, துவைத்துத் துவைத்துத் தேய்ந்துபோன துண்டை எடுத்து நான்காக மடித்துப் புனலில் கட்டினார். கஞ்சியும் பஞ்சும் என்றைக்கோ போய்விட்ட துணி. இந்தத் தரம் பிழியவில்லை. புனலுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "பைய இறங்கட்டும். பைய" என்று எண்ணெய்க்குச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே ஜுபைதா பீவி நோன்பு வைத்திருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

திங்கட்கிழமை விடியலில் கிளம்பினோம். முன்னால் ஓட்டுகிறவர் பக்கத்தில் திருநீறு துலங்கத் தில்லைநாயகம் பிள்ளை. அவருக்கு நேர் பின்னால், அன்று கோர்ட்டு இல்லாவிட்டாலும், நான், கழுத்தை நீட்டிக்கொண்டு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அன்று நாங்கள் மூன்று பேரும் அந்த விளக்கெண்ணெயையே அப்படித்தான் பார்த்துக்கொண்டு போனோம். அதன் நாற்றத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். என்ஜின் சூடானதும் கிளம்பிய புகை எல்லோர் மூக்கிலும் ஏறியது. சின்ன வயதில் மாதப் பிறப்புத்தோறும் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவார்களே, அந்த ஞாபகம் வந்து பின்னால் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் எல்லாம் வயிற்றைத் தடவிக்கொண்டார்கள். "இது பேதி மோட்டாரு வே!" என்று ஒருவர் கத்த, வண்டியே சிரித்தது. பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை.

செய்துங்கநல்லூர் தாண்டியது. போன தரம் நின்ற இடத்தையும் தாண்டினோம். சொட்டு விழுந்துகொண்டேயிருந்தது. நான் மூச்சுவிட்டேன். ஸ்ரீவைகுண்டம் அணைப் பாலத்தில் வண்டி ஏறியது. மாசி மாதத்து இளங்காலை. ஆற்றுக் காற்று ஈரத்தோடு வந்து முகத்தில் அடித்தது. கண்ணாடிக்குள் சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. இன்னும் நீண்டது. ஒரு சொட்டு குழாயின் வாயில் வந்து திரண்டு, விழாமல் அப்படியே தொங்கியது.

"ஏலே!" என்றார் பிள்ளை. அவர் கை முன்பலகையை எட்டிப் பிடித்தது.

சேக் முகம்மது வண்டியை நிறுத்தவில்லை. வலது கையால் சக்கரத்தைப் பிடித்தபடி, இடது உள்ளங்கையை வாயருகே கொண்டுபோய் ஹாவென்று ஊதினார். அந்தக் கையால் செம்புக் குழாயைச் சுற்றிப் பொத்திக்கொண்டார். காய்ச்சல்காரக் குழந்தையின் கையைப் பிடிக்கிற பக்குவத்தில்தான் பிடித்தார். அவர் உதடு ஏதோ ஓதியது. நானும் எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். பாலத்தின் பாதியில் அந்தச் சொட்டு விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் பழையபடி ஒழுங்காக விழத் தொடங்கியது.

"குளிரு அண்ணாச்சி. குளுந்தா இது கொஞ்சம் இறுகும். அம்புட்டுத்தான்" என்றார், பிள்ளையைத் திரும்பிப் பார்க்காமல். அவர் நெற்றியில் அந்தக் குளிரிலும் வியர்வை.

ஏரலுக்குப் போனோம். அங்கே பிள்ளை ஒரு வாய் காப்பி கூடக் குடிக்கவில்லை. திரும்பினோம். பாளையங்கோட்டையில் வண்டி நின்றதும் அவர் இறங்கி, மேல்வேட்டியை மூக்கில் வைத்து மோந்து பார்த்தார். "மூணு தலமுறைக்குச் சேத்துப் பேதி எடுத்தாப்புல இருக்கு" என்றார். பிறகு என்ஜின் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "சேகு, ஏரலோட நிப்பானேன்? சித்திரையில திருச்செந்தூர் வரைக்கும் விடுவோம். எண்ணெய்க்கு அந்தப் பொம்பளகிட்ட இப்பமே சொல்லி வச்சிரு" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார். அவருக்குக் கண் கலங்கியதை நான் பார்த்தேன். விற்ற வயல் அவருக்குத் திரும்பி வந்ததாகத்தான் தோன்றியிருக்க வேண்டும்.

நான் முதலில் சொன்ன வெள்ளிக்கிழமை, இதெல்லாம் நடந்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை. மாரிக்கண்ணு எண்ணெய்ப் பானையை ஒப்படைத்துவிட்டுப் போனாள். சேக் முகம்மது ஜும்மா தொழுகை முடித்து வந்து, என்ஜினை ஓடவிட்டு நிறுத்தி, வண்டிக்கடியில் நுழைந்தார். கறுப்பாய்க் கொழகொழவென்று பழைய எண்ணெய் சட்டியில் இறங்கியது. அதற்காக மரத்தடியில் ஐந்தாறு பார வண்டிக்காரர்கள் மூங்கில் குழாய்களோடு காத்திருந்தார்கள். அவர்களில் ஐயம்பெருமாளும் ஒருவன். மோட்டார் வந்த புதிதில் தன் பிழைப்பில் மண் விழுந்தது என்று சாலையில் மாட்டை அவிழ்த்து விட்டு மறித்தவன் இவன். "அச்சுக்கு இந்த எண்ணெ நல்லாக் கேக்குது பாய். முந்தாநேத்து வரைக்கும் வைதேன், மனசுல வச்சுக்காதியும்" என்றான்.

"வையும் வே. வைதாத்தான் பரக்கத்து, பொழப்பு விருத்தியாகும்" என்று அடியிலிருந்து பாதங்கள் பதில் சொல்லின.

அடித்திருகாணியை இறுக்கிவிட்டு வெளியே வந்தார். புதிய எண்ணெய் வடிக்கவேண்டும். தோள்துண்டை எடுத்து விரித்தார். போன வாரத்து அழுக்கில் அது கருத்து, நடுவில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குப் பொத்திருந்தது. அதை ஓரமாகப் போட்டுவிட்டுக் கதவைப் பார்த்து மனைவிக்குக் குரல் கொடுத்தார். "பாத்து உம்மா, பழந்துணி ஏதாச்சும் கெடந்தா குடு. நல்லாத் தொவச்சுத் தேஞ்சதா இருக்கணும். புதுசு வேண்டாம்."

"எம்புட்டு வேணும்?" என்று உள்ளிருந்து கேள்வி வந்தது.

"புனலுக்குத் தக்கன. இனி வெள்ளிக்கு வெள்ளி வேணுமுல்லா? நாலஞ்சு துண்டாக் குடு."

பிறகு சர்ரென்று துணி கிழியும் சத்தம் கேட்டது. நீளமாக, ஒரே இழுப்பில். மறுபடி ஒன்று. மறுபடியும். கிழிக்கிறவளுக்கு அதில் ஒரு அவசரமும் இருந்தது, ஒரு சந்தோஷமும் இருந்தது என்று எனக்குப் பட்டது. கதவு ஒரு சாண் திறந்தது. கண்ணாடி வளையல் போட்ட கை ஒன்று மடித்த துணிச் சதுரங்களை நீட்டியது. அந்தக் கைக்குக் கீழே பாத்துவின் முகம் எட்டிப் பார்த்துச் சிரித்தது.

சேக் முகம்மது வாங்கினார். மேலே இருந்த சதுரத்தைப் பார்த்தார். வெளுத்த துணியில் கறுப்பு மை. ஒரு 4, ஒரு 1, அதற்கப்புறம் கிழிசலில் பாதியோடு போன 7. நான் நிமிர்ந்து கதவிடுக்கு வழியே பார்த்தேன். எதிர்ச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

கோர்ட்டுக் குமாஸ்தாவுக்கு இதெல்லாம் ஆகாது என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

சேக் முகம்மது அந்தச் சதுரத்தை இரண்டு தரம் உதறினார். புனலின் வாயில் விரித்து, இடுப்பிலிருந்து ஒரு நூலை எடுத்துச் சுற்றினார். அறுந்த பாவு இழையை ஒட்டுகிற நெசவாளி முடிச்சு ஒன்று போட்டு, இழுத்துப் பார்த்தார். பிறகு மாரிக்கண்ணின் பானையை இரண்டு கையாலும் தூக்கி, அந்த 4-இன் மேல் எண்ணெயைப் பைய ஊற்றினார்.